வீட்டுக்கு வந்து சொல்லு

தூத்துக்குடியில் உப்பளம் முடிந்து துறைமுகம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது நங்கூரத் தெரு. போனில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் அந்தப் போன் வழியாகவே அங்கே வந்து சேர்ந்த மதியம், தண்ணீர் லாரி வந்துபோன நேரமாக இருந்ததால், எல்லாரும் குடங்களை உள்ளே தூக்கி வைப்பதில் மும்முரமாக இருந்தார்கள், அவள் வந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள், ஏனென்றால் தெருவுக்கு அப்போது அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது.

வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் புறப்பட்ட ‘விடிவெள்ளி’ தோணி போய்ச் சேரவில்லை. அதில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் அந்தத் தெருக்காரர்கள். தோணியை ஓட்டிப்போன தண்டல் மிக்கேலின் மனைவி அமலோற்பவம், தெருவுக்கு அமலி, மூன்று வாரத்துக்கு மேலாகப் போனைக் கையிலிருந்து கீழே வைக்காமல் இருந்தாள். குளிக்கப் போகும்போது அதை ஒரு பாலிதீன் பையில் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டு குளித்தாள், பூசைக்குப் போகும்போது முந்தானையில் முடிந்துகொண்டு போனாள், படுக்கும்போது காதுக்கடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தாள். கடலோரக் காவல்படையின் விமானம் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பியது, தோணி முதலாளி தினமும் வந்து தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டுப் போனார், யாரையும் குறைசொல்ல முடியாது, கடல் அவ்வளவு பெரியது.

மிக்கேல் ஒருநாளும் தன் போனில் வீட்டுக்குப் பேசியவரல்ல. கரை இறங்கியதும் முதலில் எதிர்ப்படுகிற ஆளிடம், அது டீக்கடைக்காரனோ கிரேன் ஓட்டுகிறவனோ போலீஸ்காரனோ, பல்லைக் காட்டி ஒரு போனைக் கடன் வாங்கி, தன் போனில் நம்பரைப் பார்த்துப் பேசுவது அவர் வழக்கம். அதனால் அவர் பேசுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு புது நம்பர் வரும். அதனாலேயே அமலிக்கு எந்தத் தெரியாத நம்பரையும் விட மனம் வரவில்லை. ஆனால் அந்த மூன்று வாரமும் உலகத்தில் உள்ள அத்தனை தெரியாத நம்பர்களும் அவளையே தேடிப் பிடித்தன. காலையில் மனை விற்கிறவன், பத்து மணிக்குப் பல்செட்டு ஆஸ்பத்திரி, உலை கொதிக்கும்போது இங்கிலீஷ் கற்றுத் தருகிறவர்கள், பொழுதுசாயும்போது முடி கொட்டாமல் இருக்க எண்ணெய். ஒவ்வொரு மணிக்கும் அவள் அடுப்பில் இருக்கிற பாலை மறந்து, “எங்க இருக்கிய?” என்று எடுப்பாள், “வணக்கம் மேடம்” என்ற குரலைக் கேட்டுத் திரும்பும்போது பால் பொங்கி வழிந்திருக்கும்.

“தெரியாத நம்பரை எடுக்காதட்டி” என்றாள் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய்.

“தெரியாத நம்பர்லதானக்கா அவிய பேசுவாவ” என்றாள் அமலி.

அன்றைக்கு மதியம் வந்த அழைப்பில் ஒரு சின்னப் பெண்ணின் குரல், தேன் தடவினாற்போல, மூச்சுவிடாமல் பேசியது. கப்பலில் உல்லாசப் பயணம், குடும்பத்தோடு, சாப்பாடு தங்கல் எல்லாம் சேர்த்து. அமலி வழக்கம்போல வைக்கப் போனாள். அதற்குள் அந்தக் குரல், “மேடம், ஒரே ஒரு கேள்வி. நடுக்கடல்ல, சுத்தி எந்தக் கரையும் தெரியாம, ஒரு ராத்திரி இருந்தா எப்படி இருக்கும்னு நீங்க என்னைக்காச்சும் நினைச்சுப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டது.

அமலி அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவதற்குக்கூட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. “தாயி, போனை விட்டுரு” என்றாள் மெதுவாக. “இந்த லைன் எனக்கு வேணும். எதுவா இருந்தாலும் வீட்டுக்கு வந்து சொல்லு.”

வைத்துவிட்டாள். வைத்த கை இறங்குவதற்குள் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

வாசலில் இருபது இருபத்தொரு வயதில் ஒரு பெண் நின்றாள். காதில் மாட்டிய ஹெட்போனின் வயர் இடுப்புவரை தொங்கி முனையில் எதிலும் சேராமல் ஆடிக்கொண்டிருந்தது. காலில் செருப்பில்லை, வெள்ளை சாக்ஸ் மட்டும். ஏ.சி. குளிரிலிருந்து நேரே வெயிலுக்கு வந்ததில், ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில்போல அவள் முகமெல்லாம் கையெல்லாம் நீர் முத்துமுத்தாகப் பூத்திருந்தது. “அப்படிப்பட்ட ஒரு அனுபவத்தை உங்க குடும்பத்தோட…” என்று பாதியில் இருந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்தவள், வயரின் முனையைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், தெருக்கோடியில் வெள்ளை வெளேரென்று குவிந்திருந்த உப்பைப் பார்த்தாள், பேச்சை நிறுத்தினாள்.

“வெயில்ல நிக்காத. உள்ள வா” என்றாள் அமலி.

கொஞ்ச நேரத்தில் இரவல் வாங்கிய செம்பைத் திருப்பித் தர வந்த பாக்கியத்தாய், “யாருட்டி இது?” என்று கேட்டாள்.

“போன்ல பேசுன பிள்ளை.”

“ஓ. சாப்ட்டாளா?”

தெரு இந்த விஷயத்தைப் பற்றி முதல்நாள் கேட்ட கேள்வி அவ்வளவுதான். சாப்பிடும்போது அந்தப் பெண் தன் பெயர் நிஷா என்றாள். இரண்டாவது கவளத்தில் அது ஆபீஸில் வைத்த பெயர் என்றும், நிஜப் பெயர் மாதம்மா, தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமம், வேலை ஓசூரில் என்றும் சொன்னாள். “மாதம்மான்னு சொன்னா யாருங்கக்கா கப்பல்ல போவாங்க?” என்றாள். அமலியின் போனை வாங்கித் தன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். அந்த ஆள் அவள் எங்கே போனாள் என்று கேட்கவில்லை. அவள் நாற்காலியில் ஏற்கெனவே வேறொருத்தி உட்கார்ந்தாயிற்று என்று மட்டும் சொன்னான். மாதம்மா போனைத் துடைத்து அமலியிடம் நீட்டினாள். பிறகு, குழம்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். அன்று சாயங்காலமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கடல் வெயில் பழகாத உடம்பு. அமலி அவளைத் தன் பாயில் படுக்கவைத்து நெற்றிக்குப் பற்றுப் போட்டாள். எப்படியும் தூங்காத ராத்திரிகள், யாருக்காவது துணி நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தது அவளுக்குக் கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

மறுநாள் பாக்கியத்தாய் தன் போனில் வந்த மனை விற்பனைக்காரனிடம், சோதித்துப் பார்க்கலாமே என்று, “வீட்டுக்கு வந்து சொல்லுய்யா” என்றாள். கழுத்தில் டையும் கக்கத்தில் சுருட்டிய வரைபடமுமாக அவன் வாசலில் வந்து நின்று, “நாற்பதடி ரோடு எங்கம்மா?” என்று கேட்டான். அதற்கப்புறம் தெரு அதை ஒரு வழக்கமாகவே எடுத்துக்கொண்டது. முடி எண்ணெய்க்காரன் வந்தான், அவனுக்கு முன்மண்டை வழுக்கை. இங்கிலீஷ் டீச்சர் வந்தாள், வந்தவள் மீன்குழம்பின் காரத்தில் சுத்தமான சேலம் தமிழில் அலறினாள். பேங்கிலிருந்து பேசுகிறேன், போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்கள் என்று ஏமாற்றுகிற ஒருவனும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தான். பெண்கள் அவனை அடிக்கவில்லை, சுற்றி உட்கார்ந்து உன் அம்மா பேர் என்ன, அவள் எப்படி இருக்கிறாள், கடைசியாக எப்போது பார்த்தாய் என்று மாறிமாறிக் கேட்டார்கள், அவன் அழுதுகொண்டே கஞ்சியைக் குடித்துவிட்டு நடந்தே போய்விட்டான்.

ஒரு மாதிரி ஒழுங்கும் தானாக உண்டானது. மீன் வாங்கப் போகிற காலை நேரத்தில் யாரையும் வரச் சொல்லக்கூடாது. தண்ணீர் லாரி வருகிற நேரத்தில் வந்தவர்கள் ஆளுக்கு ஒரு குடம் பிடித்துத் தரவேண்டும். எல்லாரும் செருப்பில்லாமல் வந்ததால் பஸ் நிறுத்தத்தில் ஒரு கூடை வைத்துப் பழைய செருப்புகளைப் போட்டுவைத்தார்கள், இடது வலது பொருந்தாவிட்டாலும் மதுரைவரை தாங்கும். சாயங்கால பஸ்ஸின் கண்டக்டர் காதில் வயரோடு ஏறுகிறவர்களைப் பார்த்ததும், “நங்கூரத் தெருவா? பின்னால போங்க” என்று சொல்லப் பழகிவிட்டார். மாதா கோயிலில் சாமியார் ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில் கடலில் இருப்போருக்காகவும் நோயாளிகளுக்காகவும் வேண்டிக்கொண்டதும், ஒரு விநாடி யோசித்துவிட்டு, “அழைப்போருக்காகவும்” என்று சேர்த்துக்கொண்டார். விசாரிக்க வந்த ஏட்டையா மோர் குடித்துவிட்டு, இது எந்தப் பிரிவில் வரும் என்று தனக்குத் தெரியவில்லை என்றும், தன் வீட்டம்மாவுக்கும் இந்தத் தொல்லை இருக்கிறது, என்ன சொல்லிக் கூப்பிடவேண்டும் என்றும் கேட்டுவிட்டுப் போனார்.

சொந்தக்காரர்களுக்கு அது பலிக்குமா என்று பார்க்காமல் இருக்கமுடியுமா? கத்தாரில் இருக்கிற தன் மகனைக் கூப்பிட்டுப் பாக்கியத்தாய், “வீட்டுக்கு வந்து சொல்லுல” என்றாள். போனை வைத்துவிட்டுக் கதவை அகலத் திறந்து, தலையை வாரிக்கொண்டு நின்றாள். யாரும் தட்டவில்லை. திரும்பக் கூப்பிட்டபோது அங்கே அவன் அழுதுகொண்டிருந்தான். வேண்டாதவர்களுக்குத்தான் அது நடக்கிறது, வேண்டியவர்களுக்கு டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும் என்று தெரு புரிந்துகொண்டது. அன்றைக்கு அமலி பாக்கியத்தாயின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அப்படிக் கூப்பிட்டுத் தோற்றுப்போகவும் மணி அடிக்கிற ஒரு நம்பர் இல்லை.

சீக்கிரமே ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் இன்னும் எங்கெங்கோ கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கெல்லாம், தூத்துக்குடியில் ஒரு தெரு இருக்கிறது, அங்கே பேசினால் அங்கேயே போய்விடுவோம், மதியம் மீன்குழம்பு போடுவார்கள், ஆனால் திரும்பி வர ராத்திரி முழுக்க பஸ்ஸில் வரவேண்டும் என்று செய்தி பரவிவிட்டது. அந்தத் தெரு நம்பர்களை யாரும் தொடுவதில்லை. நங்கூரத் தெருவில் போன்கள் அமைதியாகின. பால் பொங்கி வழிவது நின்றது. பெண்கள் மதியம் கால் நீட்டித் தூங்கினார்கள். ஒரு போன் அடித்தால் அது நிஜமான மனுஷன் நிஜமான காரியத்துக்குக் கூப்பிடுவது என்றாகிவிட்டது, அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அமலிக்கு மட்டும் அந்த அமைதி தாங்கமுடியாததாக இருந்தது. முன்பாவது மணி அடிக்கும், ஒரு விநாடி அவர்தான் என்று இருக்கும். இப்போது அந்த ஒரு விநாடியும் இல்லை. போன் கெட்டுப்போயிற்றோ என்று பக்கத்து வீட்டுக்காரர்களை மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னாள், அது நன்றாகத்தான் அடித்தது.

விட்டுவிட்டு வந்த காய்ச்சல் ஒருவழியாகத் தீர்ந்து எழுந்த மாதம்மா சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே இதைப் பார்த்தாள். அதுவரை அவள் எதுவும் கேட்கவில்லை. மற்றவர்கள் அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டிருந்தாள்.

“அக்கா, நான் அன்னைக்கு கடலைப் பத்திக் கேட்டேனே. எழுதிக் குடுத்ததத்தாங்க படிச்சேன்.”

“தெரியும் தாயி.”

“மாலத்தீவுல யாருக்காச்சும் பேசிப் பாத்தீங்களா?”

“எந்த நம்பருக்குப் பேச? பெரிய ஊர்ல இருக்க ஆபீசுக்கெல்லாம் முதலாளி பேசிட்டாரு. அங்க வரலன்னுட்டாவ. இன்னும் ஆயிரம் தீவு கிடக்காம். அங்கெல்லாம் நமக்கு யாரைத் தெரியும்?”

மாதம்மா கஞ்சித் தட்டைக் கீழே வைத்தாள். “தெரியாதவங்களுக்குப் பேசறதுதானுங்கக்கா எங்க வேலையே” என்றாள்.

அந்த ஊர் நம்பர்கள் எப்படித் தொடங்கும் என்று முதலாளியிடம் கேட்டு, அதற்குப் பின்னால் மனதில் வந்த எண்களைப் போட்டு, அவள் பேச ஆரம்பித்தாள். அரைகுறை இந்தியிலும் இங்கிலீஷிலும், அந்தத் தேன் தடவிய குரலில். எதிர்முனையில் கட் பண்ணினார்கள். அடுத்த எண். கட் பண்ணினார்கள். அடுத்தது. ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான், “ரொம்ப நன்றி சார், நல்ல நாளா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனாள். ஒரு மதியம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்த அமலிக்கு, இத்தனை தடவை ஒரு ஆளை முகத்திலடித்தமாதிரி ஒதுக்கினால் அது எப்படி இருக்கும் என்று முதல்முறையாகத் தோன்றியது.

“உனக்கு வலிக்காதாட்டி?”

“முதல் மாசம் பாத்ரூம்ல போய் அழுவேங்கக்கா” என்றாள் மாதம்மா, அடுத்த எண்ணை அழுத்திக்கொண்டே. “அப்புறம் கட் பண்றவங்க என்னைக் கட் பண்ணல, நிஷாவத்தான் கட் பண்றாங்கன்னு நினைச்சுக்குவேன். இப்ப மாதம்மாவே பேசறா. கொஞ்சம் வலிக்குது. பரவால்ல.”

சேதி கேட்டு, ரீசார்ஜைத் தெரு பார்த்துக்கொண்டது. அந்தச் செய்தி எட்டாமல் மற்ற வீடுகளில் எப்போதாவது ஒருவர் இருவராக வந்து விழுந்துகொண்டிருந்த அழைப்புக்காரர்கள், விஷயம் தெரிந்ததும் சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டார்கள். மனை விற்கிறவன் ஒருவாரம் கழித்துத் திரும்பி வந்தான், இந்தத் தடவை டிக்கெட் எடுத்து, செருப்புப் போட்டுக்கொண்டு. கோயில் கூடத்தில் பாய்களை விரித்து, மின்விசிறிக்கடியில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு போனில், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த முகம் தெரியாத சனங்களிடம், ஐயா எட்டுப் பேர், அம்மா எட்டுப் பேர், ஒரு தோணி, வெங்காயம் ஏற்றிய தோணி, தயவுசெய்து வைத்துவிடாதீர்கள், இரண்டே நிமிடம் என்று அவர்கள் பேசிய பேச்சு, வெளியே நின்று கேட்டால் ஜெபமாலை சொல்கிறமாதிரி இருந்தது. எட்டு வீட்டுப் பெண்களும் டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார்கள். தீவுகளில் இருக்கிறவர்கள் கட் பண்ணினார்கள், கட் பண்ணினார்கள், கட் பண்ணினார்கள்.

ஒருநாள் காலை, மாதம்மா பேசிய ஒரு நம்பரில் ஒரு பெண் கட் பண்ணவில்லை. அங்கே மீன் வெட்டுகிற சத்தம் கேட்டது. மாதம்மா சொல்லச் சொல்ல வெட்டுகிற சத்தம் நின்றது. அந்தப் பெண் தன் மொழியில் ஏதோ சொல்லி, பிறகு உடைந்த இந்தியில், “இரு, இரு” என்றாள். மாதம்மா போனை ஸ்பீக்கரில் போட்டாள். கூடத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். நடக்கிற சத்தம். மணல். காற்று. ஒரு சேவல். யாரோ ஒரு ஆணைக் கூப்பிடுகிற சத்தம். போன் கைமாறுகிற சத்தம்.

மாதம்மா போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். என்ன பேசுவதென்று தெரியாமல், ஆயிரம் தடவை சொல்லிப் பழகியது அவளை அறியாமல் வந்துவிட்டது. “வணக்கம் சார், நான் நிஷா பேசறேன், ஒரு ரெண்டு நிமிஷம்…”

“வேண்டாம்மா” என்றது ஒரு கரகரத்த குரல். “ஒண்ணும் வேண்டாம். வைய்யி.”

கட்.

பிறகு அமலி சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை, அவள் பாக்கியத்தாயின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே, “அவியதான்! அக்கா, அவியதான்! வேண்டாம்மான்னு சொல்லுதாவ பாத்தியளா, வீட்லயும் இப்படித்தான வைப்பாவ! அவியளேதான்!” என்று கத்தினாள். தீவிலிருந்து வந்த அந்த மறுப்பைவிட இனிமையான ஒரு சொல்லை அந்தக் கூடம் அதற்குமுன் கேட்டதில்லை. மனை விற்கிறவன் டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மறுபடி அடித்தபோது மீன்காரப் பெண் சிரித்துக்கொண்டே எடுத்து, அவரிடமே திரும்பக் கொடுத்தாள். இந்தத் தடவை போன் அமலியின் கையில் இருந்தது.

“என்னையும் கட் பண்ணிருவியளோ?”

அங்கே போனைக் காதோடு அழுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “அமலி?” என்றது குரல். “அமலியாட்டி?”

“எட்டுப் பேரும்?”

“எட்டுப் பேரும். ராயப்பனுக்குத்தான் கால்ல அடி. நடக்கான். இஞ்சின் போச்சு, பாய்மரம் முறிஞ்சு போச்சு, காத்து கொண்டாந்து இங்க போட்டுட்டு. சின்னத் தீவு. டவர் விழுந்து கிடந்து நேத்துதான் எடுத்துக் கட்டுனாவ.”

“நேத்து கட்டுன டவருக்கு இன்னைக்கு வர ஒரு போன் பண்ண முடியலையோ உங்களுக்கு?”

“உன் நம்பர் என் போனுக்குள்ள இருந்துச்சு” என்றார் மிக்கேல், குற்றம் செய்த பிள்ளையின் குரலில். “போன் கடலுக்குள்ள இருக்கு. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். முதல் நாலும் கடைசி ரெண்டும் வருது. நடுவுல உள்ளது வரல.”

அதைக் கேட்டு அமலி அவரைத் திட்டிய திட்டு, எட்டு வீட்டுப் பெண்களின் முன்னால், சாமியாரின் முன்னால், ஒரு பெருமழைபோலக் கொட்டி ஓய்ந்தது. கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் மனம் குளிர்ந்தது. அப்புறம் போன் கைமாறி, அங்கே ஒவ்வொரு ஆணும் இங்கே ஒவ்வொரு பெண்ணுமாக, எட்டு வீடும் பேசி முடித்தன. மீன்காரப் பெண்ணுக்கு அமலி தமிழில் நன்றி சொன்னாள், அவள் தன் மொழியில் பதில் சொன்னாள், இரண்டு பேரும் வெகுநேரம் அப்படியே பேசிக்கொண்டார்கள். கடல் அடங்கி, கப்பல் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு வர இன்னும் ஒரு மாதமாகி, பங்குனி பிறந்துவிட்டது. ஆனால் தெருவைப் பொறுத்தவரை அவர்கள் திரும்பி வந்தது அந்தக் காலையில்தான்.

அமலி வீட்டுக்கு நடந்துவந்தாள். மாதம்மா கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். உள்ளே வந்ததும் அமலி போனை எடுத்து, பக்கத்துப் பட்டனை வெகுநேரம் அழுத்தி, திரை கறுத்து அணைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அரிசிப்பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சேலையைக்கூட மாற்றாமல், வெறுந்தரையில், கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள்.

செய்தி ஊர் முழுக்கப் பரவி, சனங்கள் வரத் தொடங்கினார்கள். முதலாளி மாலையோடு வந்தார், ஏட்டையா வந்தார், அடுத்த தெருவிலிருந்து அல்வாப் பொட்டலத்தோடு பெண்கள் வந்தார்கள். மாதம்மா கதவைப் பாதி சாத்திக்கொண்டு வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். “அக்கா இப்பப் பேச முடியாதுங்க. தூங்கறாங்க” என்று வந்த ஒவ்வொருவரிடமும், தன் சொந்தக் குரலில், அவள் சொன்னாள். “அப்புறமா வாங்க.”

கேட்ட ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. “தூங்கட்டும், தூங்கட்டும்” என்று சொல்லி, செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப்போனார்கள்.